மயக்கம் தெளியும் நேரம்: ஜவ்வாது மலை நோயாளிகளை முன்வைத்து ஒரு சொற்பொழிவு

அறுவை முடிந்து மயக்க மருந்து நிறுத்தப்பட்ட பின், நோயாளி விழிப்புக்குத் திரும்பும் முதல் அரை மணி நேரத்தில், பெரும்பாலோர் மெல்லக் கண் திறந்து தண்ணீர் கேட்கிறார்கள். சிலர் மட்டும், கண் திறந்திருந்தும் எதிரில் இருப்பவரை அடையாளம் காணாமல், கைகால்களை உதறி, டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி, கட்டிலை விட்டு இறங்க முயன்று, பெற்ற தாயே பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராமல் கதறுகிறார்கள். இந்த நிலையே விழிப்புக் கொந்தளிப்பு எனப்படுகிறது. இதனுள் இரண்டு வேறு நிலைகள் கலந்து கிடக்கின்றன: வலியாலோ மூச்சுத் திணறலாலோ பயத்தாலோ உடல் அமைதியிழப்பது ஒன்று, தான் யார், எங்கே இருக்கிறோம் என்ற உணர்வே கலைந்துபோகும் டெலீரியம் என்ற மனக்குழப்பம் மற்றொன்று. முன்னதில் நோயாளி சொல்வதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார், அதைச் சொல்லும் தெளிவுதான் இன்னும் வரவில்லை. பின்னதில் மூளையே இன்னும் முழுதாக விழிக்கவில்லை. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பதால், எதுவென்று பிரித்தறியாமல் உறக்க ஊசி போட்டு அடக்கிவிடும் வழக்கம் பல இடங்களில் நிலைத்துவிட்டது. அந்த வழக்கமே ஆபத்தானது என்பது இவ்வுரையில் பின்னர் விளக்கப்படும்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் இப்பொருளைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மலையின் நடுவூராகிய ஜமுனாமரத்தூரில் மருத்துவமனை இருந்தாலும், முழு மயக்கம் தேவைப்படும் பெரிய அறுவைகளுக்கு மலைவாழ் மக்கள் பெரும்பாலும் கீழே இறங்கி, போளூருக்கோ திருவண்ணாமலைக்கோ திருப்பத்தூருக்கோ, அடுக்கம்பாறையிலுள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, 1971 இல் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறுநீரக மாற்று அறுவையை வெற்றிகரமாகச் செய்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கோ போக வேண்டியிருக்கிறது. சாமை விதைத்து, தேனும் புளியும் நெல்லிக்காயும் சேகரித்து வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தின் ஒரு குழந்தை, வளைந்து இறங்கும் மலைச்சாலையில் வாந்தி எடுத்துக்கொண்டே பயணப்பட்டு, முன்பின் பார்த்திராத பெருங்கட்டடத்தில் நுழைந்து, பச்சை உடையும் முகமூடியும் அணிந்த அந்நியர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. விழிப்புக் கொந்தளிப்புக்கு வழிவகுக்கும் காரணங்களில் அறுவைக்கு முந்திய அச்சம் முக்கியமானது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கையில், அந்த அச்சத்தின் பெரும்பகுதி அறுவை அரங்கின் கதவுக்கு வெளியிலேயே சேர்ந்துவிடுகிறது என்பது தெளிவு.

விழிப்புக் கொந்தளிப்பு புதிய நோய் அன்று. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் ஈதர் மயக்கம் பொது அரங்கில் நிகழ்த்திக் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சிலேயே அது கல்கத்தாவை எட்டியது. ஈதரும் குளோரோஃபார்மும் ஆண்ட அந்தக் காலத்திலேயே நோயாளிகள் மயக்கத்துக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் திமிறுவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆர்தர் கெடல் என்ற அமெரிக்க மருத்துவர் முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ஈதர் மயக்கத்தை நான்கு கட்டங்களாகப் பகுத்தபோது, அவற்றுள் இரண்டாவதற்குக் கிளர்ச்சிக் கட்டம் என்றே பெயரிட்டார். மூளையின் மேலடுக்குக் கட்டுப்பாடு தளர்ந்து, அடியிலுள்ள பகுதிகள் கடிவாளமின்றி இயங்கும் நிலை அது. மயக்கத்துக்குள் இறங்குபவர் அந்தக் கட்டத்தைக் கடந்தே ஆழத்துக்குப் போகிறார். ஆழத்திலிருந்து ஏறி வருபவரும் அதே கட்டத்தைக் கடந்துதான் விழிப்பை அடைய வேண்டும். 1961 இல் எக்கன்ஹாஃபும் அவருடைய தோழர்களும் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நூற்றுக்கு ஐவரிடம் இக்கொந்தளிப்பு காணப்பட்டது என்றும், சிறுவர்களிடம் அது கூடுதல் என்றும், டான்சில் போன்ற அறுவைகளுக்குப் பின் மிகுதி என்றும் பதிவு செய்தார்கள். பின்வந்த ஆய்வுகளில் சிறுவரிடையே இதன் அளவு 10 விழுக்காடு முதல் 80 விழுக்காடு வரை வேறுபடுகிறது. இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குக் காரணம் நோயைவிட அதை அளக்கும் கோலில்தான் இருக்கிறது.

அந்த அளவுகோலைச் சற்று நின்று நோக்குவது பயன் தரும். 2004 இல் சிக்கிச், லெர்மன் ஆகிய இருவரும் குழந்தைகளுக்கென உருவாக்கிய மதிப்பெண் முறையில் ஐந்து கேள்விகள் உள்ளன: குழந்தை தன்னைக் கவனிப்பவரின் கண்ணோடு கண் பார்க்கிறதா, அதன் செயல்களில் ஒரு நோக்கம் தெரிகிறதா, சுற்றுப்புறத்தை உணர்கிறதா, ஓயாமல் நெளிகிறதா, எவ்வளவு தேற்றினாலும் அடங்காமல் அழுகிறதா. ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் நான்கு வரை மதிப்பெண். கூட்டுத்தொகை பத்தையோ பன்னிரண்டையோ தாண்டினால் மனக்குழப்பம் என்று கொள்வது வழக்கம். இவற்றுள் முதல் மூன்று கேள்விகளே உண்மையான குழப்பத்தைச் சுட்டுபவை. பின்னிரண்டு, வலியாலோ பசியாலோ அழும் குழந்தையிடமும் காணக்கூடியவை. எனவே அழுதுகொண்டே தாயின் முகத்தைத் தேடும் குழந்தையும், அழுதுகொண்டே தாயையும் உதைத்துத் தள்ளும் குழந்தையும் ஒன்றல்ல. முன்னதற்கு வலி மருந்தும் தாயின் மடியும் வேண்டும், பின்னதற்குக் காவலும் பொறுமையும் வேண்டும். அச்சடித்த தாளோ கருவியோ இல்லாத இடத்திலும், குழந்தையின் கண்ணைப் பார்த்தே ஒரு செவிலியர் இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட முடியும்.

இன்று பரவலாகப் பயன்படும் செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு, 1990 இல் ஜப்பானில் நடைமுறைக்கு வந்து பின்னர் உலகெங்கும் பரவியது. மூக்கை எரிக்காத மணமும், விரைவில் உறங்கவைத்து விரைவில் எழுப்பும் தன்மையும் அதைக் குழந்தைகளுக்கு உகந்ததாக்கின. ஆயினும் பழைய ஹாலோதேனைவிட அது கொந்தளிப்பை மிகுதியாக உண்டாக்குகிறது என்பது விரைவிலேயே தெரியவந்தது. விழிப்பின் வேகமே இதற்குக் காரணம் என்று தொடக்கத்தில் கருதப்பட்டது. ஆனால் நரம்பு வழியே செலுத்தப்படும் புரோபோஃபால் மருந்தும் விரைவாகவே எழுப்புகிறது, எனினும் அதன் விழிப்பு அமைதியானது. வலிதான் காரணம் என்ற கருத்தும் முழுமையாக நிற்கவில்லை. அறுவையே இல்லாமல் எம்.ஆர்.ஐ. படமெடுப்பதற்காக மட்டும் செவோஃப்ளூரேன் பெற்ற குழந்தைகளிடமும் கொந்தளிப்பு காணப்பட்டிருக்கிறது. மூளையின் பகுதிகள் ஒரே நேரத்தில் விழிக்காமல், கேட்டலும் அசைவும் முந்திக்கொள்ள அறிவுத்தெளிவு பிந்துவதே இதன் அடிப்படை என்பது இன்று முன்வைக்கப்படும் விளக்கங்களுள் ஒன்று. இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளே மிகுதியாகப் பாதிக்கப்படுவதற்கும், காது மூக்குத் தொண்டை அறுவையும் கண் அறுவையும் இதில் முன்னிற்பதற்கும் இவ்விளக்கம் ஓரளவு பொருந்துகிறது. கண்ணைக் கட்டியோ மூக்கை அடைத்தோ எழுப்பப்படும் ஒருவருக்கு, தெளிவதற்கான வழியும் சேர்த்தே அடைக்கப்பட்டுவிடுகிறது.

தடுப்பைப் பற்றிப் பேசுமுன், உயிர் காக்கும் ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். மயக்கம் தெளியும் நோயாளி திமிறினால், வேறு காரணம் உறுதிப்படும் வரை அது ஆக்சிஜன் குறைவே என்று கொள்ள வேண்டும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்த மூளை முதலில் செய்வது திமிறுவதுதான். அடங்குவது அதன் பிறகு, பல நேரங்களில் மிகவும் பிந்திய பிறகு. அப்படிப்பட்டவருக்கு உறக்க ஊசி போட்டால், கட்டில் அமைதியாகிவிடும், நோயாளியும் மீளாமற் போகலாம். விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் பொருத்தி, மூச்சுவழி திறந்திருக்கிறதா, நெஞ்சு ஏறி இறங்குகிறதா, இரத்த அழுத்தம் என்ன, சர்க்கரை அளவு என்ன என்று பார்த்த பின்பே வேறெந்த எண்ணத்துக்கும் இடம். தசைகளைத் தளர்த்தும் மருந்து முழுதாக நீங்காத நோயாளியின் நிலை இன்னும் கொடியது: அறிவு தெளிந்துவிட்டது, கை தூக்க வலுவில்லை, மூச்சு போதவில்லை, கரையில் எறிந்த மீனைப்போல் அவர் துள்ளுவதைக் கண்டு முரண்டு பிடிக்கிறார் என்று நினைப்பவர் அவருக்குப் பெருந்தீங்கு செய்கிறார். தலையை ஐந்து விநாடி தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் பார்க்கும் பழைய சோதனை இன்றைக்கும் கைகொடுக்கும். நரம்பைத் தூண்டி அளக்கும் கருவி உள்ள இடத்தில் அதையே நம்புவது மேல்.

ஆபத்தான காரணங்கள் விலக்கப்பட்ட பின் எளிய காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. அவற்றுள் சிறுநீர்ப்பை முதலிடம் பெறத் தக்கது. நிரம்பிய சிறுநீர்ப்பையோடு விழிக்கும் ஆண் நோயாளியும், மயக்கத்தில் இருந்தபோது சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டு, விழித்ததும் ஓயாத முட்டுதலை உணர்பவரும், எழுந்து ஓடப் பார்ப்பதில் வியப்பில்லை. குழாய் வைக்கப்படும், சிறுநீர் வந்ததுபோல் தோன்றும், எழ வேண்டியதில்லை என்று அறுவைக்கு முன்பே சொல்லிவைத்தால் பாதி கலவரம் குறைகிறது. தேவையற்ற குழாயைப் பொருத்தாமல் விடுவது அதைவிடச் சிறந்தது. மூக்கு அறுவைக்குப் பின் வாயால் மூச்சு விட வேண்டியிருக்கும் என்பதையும் இவ்வாறே முந்திச் சொல்ல வேண்டும். காசு செலவில்லாத இந்தத் தடுப்புமுறைக்கு மருத்துவமனைகள் ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு என்பது வருந்தத்தக்கது.

குழந்தைகளின் அச்சத்துக்கு மருந்தைவிட முன்னேற்பாடே வலுவானது என்பதற்கு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜீவ் கேய்ன் தலைமையில் நடந்து 2007 இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு முன்பே குடும்பத்தாருக்குப் பயிற்சி அளித்து, முகமூடியை வீட்டிலேயே குழந்தைக்குக் காட்டிப் பழக்கி, பெற்றோரே விளையாட்டுக் காட்டி அரங்குக்குள் கொண்டுவரும் முறை பின்பற்றப்பட்டது. அக்குழந்தைகளிடம் அச்சமும் குறைந்தது, விழிப்புக் குழப்பமும் குறைந்தது, வலி மருந்தின் தேவையும் குறைந்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: எந்த ஏற்பாடும் இல்லாமல் பெற்றோரை வெறுமனே உள்ளே நிறுத்துவது அதே பலனைத் தருவதில்லை. நடுங்கிக்கொண்டு நிற்கும் தந்தை தன் நடுக்கத்தையே பிள்ளைக்குக் கொடுக்கிறார். ஆகவே பழக்க வேண்டியது பெற்றோரை. பழக்குவதற்கு ஏற்ற இடம் வேலூரின் வரவேற்பறை அன்று, ஜமுனாமரத்தூரின் சுகாதார நிலையமும் மலையூரின் திண்ணையுமே. ஒரு பழைய ஆக்சிஜன் முகமூடியைக் கிராமச் சுகாதார செவிலியர் தம் பையில் வைத்திருந்து, அறுவைக்குப் போகவிருக்கும் குழந்தையின் கையில் இரண்டு நாள் கொடுத்துவைத்தால், மேலே சொன்ன ஆய்வின் சாரம் மலைக்கு வந்துவிடும்.

பட்டினி இன்னொன்று. மயக்கத்தின்போது வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போய்விடாமலிருக்க, திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பாலை நான்கு மணி நேரத்துக்கு முன்பும், தெளிந்த நீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்துவது இன்றைய நெறி. ஆனால் நடைமுறையில் சொல்லப்படுவது ‘ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் பச்சைத் தண்ணிகூடக் கூடாது’ என்பதுதான். மலையிலிருந்து முதல் நாளே இறங்கி, மாலையில் எதையோ கொறித்து, மறுநாள் நண்பகலுக்குப் பின் அரங்குக்குள் போகும் குழந்தை பதினாறு மணி நேரம்கூடக் காய்ந்து கிடக்க நேர்கிறது. பசியும் தாகமும் சர்க்கரைக் குறைவும் சேர்ந்து எழுப்பும் அந்த அழுகையைச் செவோஃப்ளூரேனின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. தூரத்து ஊர்க் குழந்தைகளை அன்றைய பட்டியலில் முதலில் வைப்பது ஒரு மருத்துவமனை எழுத்தர்கூடச் செய்துவிடக்கூடிய சீர்திருத்தம்.

மருந்துகளால் தடுப்பது மயக்கவியல் மருத்துவரின் பொறுப்பாதலால் இங்கே சுருக்கமாகச் சொல்வது போதும். வாயுவுக்குப் பதில் தொடக்கம் முதல் இறுதிவரை புரோபோஃபால் மட்டும் கொடுப்பதும், அறுவையின் முடிவில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் அளவில் அதைச் செலுத்துவதும், ஃபென்டனில் வலி மருந்தைச் சிறிய அளவில் சேர்ப்பதும் பயனுள்ளவை. 1999 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டெக்ஸ்மெடிடோமிடின், மூச்சை அதிகம் அடக்காமல் இயல்பான உறக்கத்தை ஒத்த அமைதியைத் தருவதால், இன்று இத்துறையில் பெரிதும் விரும்பப்படுகிறது. நாடித்துடிப்பைக் குறைப்பதும் விழிப்பைச் சற்றுத் தாமதிப்பதும் அதன் குறைகள். மிடசோலம் போன்ற உறக்க மருந்துகள் அறுவைக்கு முந்திய பதற்றத்தைத் தணிக்கின்றன என்பதில் ஐயமில்லை. விழிப்புக் கொந்தளிப்பைத் தடுக்கின்றன என்பதில் ஆய்வு முடிவுகள் முரண்படுகின்றன, முதியோருக்கோ அவை குழப்பத்தை வளர்க்கவும் கூடும்.

சிறு மருத்துவமனைகளின் தோழனாகிய கெட்டமினைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1962 இல் உருவாக்கப்பட்டு 1970 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, பெரிய கருவிகள் இல்லாத இடத்திலும் வலியை அடக்கி உணர்வைப் பிரித்து, மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் பெரும்பாலும் தாங்கி நிற்பதால், எலும்பு முறிவைச் சரிசெய்வதற்கும் புண்ணைச் சுத்தம் செய்வதற்கும் நாட்டுப்புற மருத்துவமனைகளில் நெடுங்காலம் கைகொடுத்து வந்திருக்கிறது. தவறான பயன்பாடு பெருகியதால் 2013 இறுதியில் இந்திய அரசு இதை எக்ஸ் அட்டவணையில் சேர்த்து விற்பனையைக் கடுமையாக்கியது. சிறு மருத்துவமனைகளுக்கு அது கூடுதல் பதிவேட்டுச் சுமையாயிற்று. கெட்டமினிலிருந்து விழிக்கும் பெரியவர்களில் சிலர், உடலை விட்டு மிதப்பதாகவும், அறை சுருங்குவதாகவும், இறந்தோரைக் காண்பதாகவும் உணர்ந்து அலறுவது உண்டு. சிறிதளவு மிடசோலம் சேர்ப்பது இதைக் குறைக்கிறது. மருந்து ஏறுமுன் மனத்துக்கு இனிய காட்சி ஒன்றை நினைக்கச் சொல்வதும் கனவின் நிறத்தை மாற்றுகிறது என்பதைச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. மலைவாசி ஒருவரிடம் கதிர் முற்றிய சாமைக் கொல்லையை நினைக்கச் சொல்லலாம், கடலை நினைக்கச் சொல்வதில் பொருளில்லை.

இவை எல்லாவற்றையும்விட உறுதியான தடுப்பு, இயன்ற இடத்தில் முழு மயக்கத்தையே தவிர்ப்பது. முதுகில் போடும் ஊசியால் இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்தோ, கைக்குச் செல்லும் நரம்பை மட்டும் அடைத்தோ செய்யும் அறுவையில் நோயாளி விழித்தே இருப்பதால், கடந்து வர வேண்டிய கிளர்ச்சிக் கட்டமே இல்லை. சிறு குழந்தைகளுக்கு முழு மயக்கம் தவிர்க்க முடியாது. அங்கும் குடலிறக்க அறுவைக்கு வால் எலும்பின் அருகே மரப்பு மருந்து செலுத்திவிட்டால், வலியின்றி விழிக்கும் குழந்தை பெரும்பாலும் அமைதியாகவே விழிக்கிறது.

வயதுவந்தோரில் இரு சாராரை மருத்துவமனைகள் எளிதில் தவறவிடுகின்றன. அன்றாடம் குடிப்பவர் ஒரு சாரார். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலேயே நடுக்கமும் பதற்றமும் தொடங்கலாம், இரண்டு மூன்று நாளில் கடுமையான குழப்பம் வரலாம். பயணமும் பட்டினியும் அறுவையும் முடிந்து கண் விழிக்கும்போது ஒரு முழு நாள் கடந்திருக்கும் என்பதை எண்ணினால், மயக்க மருந்தின் விளைவாகத் தோன்றுவது உண்மையில் மது நிறுத்தத்தின் விளைவு என்பது புலப்படும். படைவீரர்கள் இன்னொரு சாரார். போரின் மனக்காயம் உள்ள அமெரிக்க வீரர்களிடம் விழிப்புக் குழப்பம் கூடுதல் என்று அந்நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டுக்கு வீடு படைவீரரைத் தந்ததால் இராணுவப்பேட்டை என்றே அழைக்கப்படும் கம்மவான்பேட்டை வேலூருக்கு அருகிலேயே இருக்கையில், இப்பகுதி மருத்துவமனைகள் படையில் இருந்தவரா என்று நோயாளியிடம் கேட்டுவைப்பது தகும். முதியோரைப் பொறுத்தவரை, சில மணி நேரமோ சில நாளோ கழித்து வந்து, ஏறி இறங்கும் இயல்புடைய குழப்பம் வேறொரு நோய்நிலை. கண்ணாடியையும் காது கருவியையும் உடனே திருப்பிக் கொடுப்பதும், இரவில் உறங்கவிடுவதும், வீட்டார் ஒருவரை அருகில் இருத்துவதும் அதற்கான முதல் மருத்துவம்.

மயக்கம் தெளிந்தவர் சம்பந்தமில்லாமல் உளறுவதைக் கண்ட உறவினர், அதைக் காற்று கருப்பு என்றோ, தெய்வக் குற்றம் என்றோ கருதி, தையல் பிரிக்குமுன்பே அழைத்துப்போக முனைவதும் நேரக்கூடியதே. அவர்களை அறியாதவர் என்று கடிந்துகொள்வதால் பயனில்லை. கால் மணி நேரத்தில் பெரும்பாலும் தானே அடங்கும், பைத்தியமோ மூளைச் சேதமோ அன்று என்று அறுவைக்கு முன்பே சொல்லப்படாதவர் வேறெதைத்தான் நினைப்பார்? கைகாலைக் கட்டிப்போடுவது அவர்களுடைய அச்சத்தையும் நோயாளியின் திமிறலையும் ஒருசேர வளர்க்கிறது. கட்டிலின் இருபக்கத் தடுப்பை உயர்த்தி, டிரிப்ஸ் ஊசியைத் துணியால் சுற்றி, விளக்கைத் தணித்து, பலர் ஒரே நேரத்தில் அதட்டாமல் தெரிந்த ஒரு குரல் மட்டும் பேசும்படி பார்த்துக்கொள்வது போதும். அந்தக் குரல் மீட்பு அறைக்குள் வர அனுமதி வேண்டும். பார்வையாளர் நேரம் இதற்குப் பொருந்தாது என்று மருத்துவமனை நிர்வாகங்கள் விதி செய்ய வேண்டும்.

இவ்வவையில் அமர்ந்திருக்கும் சுகாதார செவிலியர்களிடமும் மருத்துவர்களிடமும் வைக்கப்படும் வேண்டுகோள் சிறியது. மலையிலிருந்து அறுவைக்கு அனுப்பும் ஒவ்வொருவருடைய பரிந்துரைச் சீட்டிலும், நோயின் பெயரோடு ஐந்து செய்திகளைச் சேர்த்து எழுதுக: முன்பு மயக்க மருந்து பெற்றபோது நடந்தது என்ன, கடைசியாக மது அருந்தியது எப்போது, கண்ணும் காதும் எப்படி, விழிக்கும்போது அருகில் இருக்க வேண்டியவர் யார், நோயாளி வீட்டில் எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறார். கீழே உள்ள மயக்கவியல் மருத்துவருக்கு இவை தெரிய வேறு வழியில்லை. மலையில் இருப்பவருக்கோ இவை யாவும் ஏற்கெனவே தெரியும்.